அம்மாக்கண்ணு பூசிய விரிசல்

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் முப்பது குடிசைகள் கொண்ட ஓர் ஊரில் முதன்முதலாக மெத்தை வீடு கட்டியவள் அம்மாக்கண்ணு. புல் வேயாமல், ஓடும் போடாமல், கம்பி கட்டிக் கான்கிரீட் தளம் போட்ட வீட்டை வட ஆற்காட்டுப் பக்கம் மெத்தை வீடு என்பார்கள். அந்த வீட்டின் தளம் மூன்று வருஷம் நின்றது. அதற்காக அவள் கோர்ட்டுக்கு நடப்பது இது ஆறாம் வருஷம்.

மலைக்காரிக்கு மெத்தை வீடு எதற்கு என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு வாய்தாவின்போது சிரித்துக்கொண்டே கேட்டார். அவருடைய வீடு மூன்று மாடி. அவரை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை.

பதில் இருக்கிறது. 1976 பங்குனியில் ஒரு நண்பகல், அடுப்பிலிருந்து பறந்த பொறி அவள் வீட்டுக் கூரையில் விழுந்தது. மலையில் பங்குனிக் காற்று எப்படி அடிக்கும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அம்மாக்கண்ணு தண்ணீருக்கு ஓடைக்குப் போயிருந்தாள். அவள் கணவன் ரங்கன் குடகில் காப்பித் தோட்டத்தில் இருந்தான். இரண்டு வயதுப் பெண் குழந்தை ஏணையில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தபோது கூரை உள்ளே இறங்கிவிட்டது.

பத்தாம் நாள் ஊர்க்கவுண்டர் சின்னதம்பி, அம்மன் கோபம் என்றார். கூழ் ஊற்றச் சொன்னார். அம்மாக்கண்ணு அவரை நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள். "புல்லு எரிஞ்சுதுங்க. புல்லு எரியாம இன்னா பண்ணும்?"

எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண் அன்று சொன்னதைவிடத் தெளிவான பேச்சை அந்த மலையில் அதற்கு முன்பு யாரும் பேசியிருக்க மாட்டார்கள். எரியாத கூரை ஒன்று போட வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். அதன் பிறகு மூன்று வருஷம் அவள் வேறெதையும் நினைக்கவில்லை. எட்டுப் புளியமரத்துக் காய், கடுக்காய், சாமை, ரங்கனுடைய குடகுக் கூலி, கடைசியில் உழவு மாடு இரண்டும், எல்லாம் அந்தக் கூரைக்குத்தான் போயின.

அப்போது செங்கத்துக்காரன் ராஜேந்திரன் மலைப்பாதையில் அரசாங்கத்துக்குச் சிறுபாலம் கட்டிக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, சொந்த ஜீப், யாரைக் கண்டாலும் உறவு சொல்லிக் கூப்பிடும் வாய். அம்மாக்கண்ணுவும் ரங்கனும் பாலத்தடிக்கே போய் அவனைக் கேட்டார்கள்.

"நம்மகிட்ட வுடுக்கா. நூறு வருஷம் நிக்கும்."

"நூறு வருஷத்துக்கு எழுதித் தர்றியா?" என்றாள் அம்மாக்கண்ணு.

அவன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "மாமா, அக்கா கோர்ட்டுல வக்கீலா இருக்க வேண்டியது. இங்க வந்து சாமை குத்துது! ஏங்க்கா, கடிகாரம் விக்கிறவனே ஒரு வருஷந்தான் எழுதித் தர்றான். நானும் ஒரு வருஷம் எழுதித் தர்றேன். இன்னா குறை வந்தாலும் சொல்லியனுப்பு, என் சொந்தக் காசுல வந்து சரி பண்ணித் தர்றேன்."

இரண்டு ரூபாய்ப் பத்திரத்தில் எழுதினான். வீடு ஒப்படைத்த நாளிலிருந்து ஒரு வருஷம். செய்யாற்று மணல், முதல்தரக் கம்பி, சிமென்ட் இவ்வளவு என்றும் அதில் இருந்தது. அம்மாக்கண்ணு கைநாட்டு வைத்தாள். மனை அவள் பெயரில். பத்திரமும் அவள் பெயரில்.

அந்தக் காலத்தில் சிமென்ட்டுக்குப் பர்மிட் வேண்டும். தாலுகா ஆபீசில் அம்மாக்கண்ணு பெயரில் வாங்கிய பர்மிட்டில் வந்த மூட்டைகளில் பாதி மலை ஏறவே இல்லை. ஜீப் போகாத கடைசி இரண்டு மைல், வந்த மூட்டைகளைத் தலையில் சுமந்தவர்களில் அவளும் ஒருத்தி. செய்யாற்று மணலுக்குப் பதில் பக்கத்து ஓடையிலிருந்து வண்டல் கலந்த மண்ணை வாரினார்கள். அதையும் அவளேதான் சுமந்தாள். தன் வீட்டைக் கெடுக்கும் மண்ணைத் தானே தலையில் வைத்துக்கொண்டு வந்து கொட்டினாள். யாராவது சொன்னால்தானே தெரியும்? தளத்துக்குக் கம்பி கட்டிய நாளில், பெண்கள் மேலே ஏறக் கூடாது, தீட்டுப்படும் என்று ராஜேந்திரன் சொல்லிவிட்டான். சாமை வயலில் நாள் முழுக்க நின்று அறுக்கிறவளுக்குத் தீட்டு இல்லை. கம்பியை எண்ணிப் பார்த்தால் மட்டும் தீட்டு. திருடனுக்கு எந்தச் சாஸ்திரம் எப்போது உதவும் என்று தெரிந்திருந்தது.

1979 ஆவணியில் வீடு முடிந்தது. ஊரே வந்து சுவரைத் தடவிப் பார்த்தது.

இனிச் சொல்லப்போவது மலைப் பெண்களின் ஒரு பழக்கம். இந்தக் கதையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

மலையில் மண்சுவர்தான். கோடை வந்தால் மண்சுவர் வெடிக்கும். வெடிப்பு கண்ணில் பட்ட அன்றே செம்மண்ணும் சாணியும் சாமை உமியும் சேர்த்துக் குழைத்து அடைத்து, மேலே செம்மண் கரைசலை இழுத்துவிடுவார்கள். வெள்ளிக்கு வெள்ளி வீடு பூசாத பெண் அங்கே இல்லை. வெடிப்போடு ஒரு வீடு நின்றால், வழியில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள்: "சுவத்துல வெடிப்பு கீதே, வூட்டுக்காரி செத்துட்டாளா?" பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் எழுந்து சுவர் பூசியவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குப் பயந்துதான்.

1980 சித்திரையில், அம்மாக்கண்ணுவின் மெத்தை வீட்டில் தளத்தின் அடிப்பக்கம், நடுவாக, தலைமுடி கனத்தில் ஒரு கோடு ஓடியது. அவள் குதிர்மேல் ஏறி நின்று பார்த்தாள். கீழே இறங்கி மண் குழைத்தாள். அவ்வளவுதான். கோடையில் வீடு வெடிப்பது பனியில் உதடு வெடிப்பதைப் போல. அதை யாரிடம் போய் முறையிடுவது? ஒரு மாதத்தில் கோடு இரண்டானது. இரண்டையும் பூசினாள். மழைக்காலத்தில் அந்த இடங்களில் துரு இறங்கியது. துருவும் செம்மண்ணும் ஒரே நிறம். அவள் கண்ணுக்கு அது தெரியவில்லை.

கேரண்டி முடிய இரண்டு மாதம் இருக்கையில் ராஜேந்திரன் அந்தப் பக்கம் வந்தான். களி தின்றான். மோர் குடித்தான். அண்ணாந்து தளத்தைப் பார்த்தான். ஈரம் காயாத பூச்சு ஒரு பட்டையாக ஓடியதைப் பார்த்தவன், குதிர்மேல் ஏறி விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இறங்கி விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"வூட்ட கோயிலு மாதிரி வச்சிக்கிறக்கா," என்றான்.

அம்மாக்கண்ணுவுக்குப் பெருமை. அவனுக்கு இன்னும் ஒரு சொம்பு மோர் கொடுத்தாள்.

1982 ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் வெயில் அடித்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ரங்கன் உள்ளே உட்கார்ந்து சாமை மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தான். தளத்தின் நடுப்பாகம் அப்படியே இறங்கியது. மூட்டைகள் தாங்கியதால் தலை தப்பியது. இடுப்பு தப்பவில்லை. டோலி கட்டி ஜீப் பாதைவரை எட்டுப் பேர் தூக்கிப்போனார்கள். அடிவாரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தான். அதன் பிறகு அவன் நடக்கவில்லை.

விழுந்த தளத்தில் கம்பிகள் துருத்திக்கொண்டு நின்றன. அரையடிக்கு ஒன்று இருக்க வேண்டிய கம்பி ஒன்றரை அடிக்கு ஒன்று இருந்தது. சில இடங்களில் அதுவும் இல்லை. ஊரார் அதைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள். திரும்பி வந்து சாமி குத்தம் என்றார்கள். மலைச்சாமிக்குச் சிமென்ட் கூரை ஆகாதாம். சாமி வீதியுலா போகிற வழியில் வீடு நின்றதாம். குறி சொன்னவன் ஒரு கிடா கேட்டான்.

கிடாவை வாங்கிக் கொடுத்தவன் யார் தெரியுமா? ராஜேந்திரன். தளத்துக்குக் கம்பி வாங்கிப் போடாதவன் சாமிக்குக் கிடா வாங்கிப் போட்டான். ஊரே கறி தின்று, அவனைப்போல மனுஷன் உண்டா என்றது. கம்பியைத் திருடியது சாமி இல்லை என்று சொல்ல அந்தப் பந்தியில் ஒருவனுக்கும் வாய் வரவில்லை. வாயில் கறி இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அம்மாக்கண்ணு பத்திரத்தை எடுத்துக்கொண்டு செங்கத்துக்குப் போனாள். ராஜேந்திரன் வாசலிலேயே நாற்காலி போட்டான்.

"அக்கா, கேரண்டி முடிஞ்சு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆயிப்போச்சு. சட்டப்படி எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா மனசு கேக்குமா? தை பொறக்கட்டும், வர்றேன்."

தை பிறந்தது. மாசி முடியட்டும் என்றான். சிமென்ட் கிடைக்கவில்லை என்றான். பங்குனியில் மகளுக்குக் கல்யாணம் என்றான். கல்யாணத்துக்கு அவளையும் அழைத்தான். சித்திரையில், கோடையில் தளம் போட்டால் வெடிக்கும் என்றான். அவன் தள்ளிய ஒவ்வொரு மாதமும் அவள் வழக்கிலிருந்து கழிந்த மாதம் என்பது அவளுக்குத் தெரியாது. வைகாசியில் அவன் ஜீப்பை நிறுத்தாமலேயே போய்விட்டான்.

போலீசில் சொன்னாள். ஏமாற்றுக் கேஸ் போட மாட்டோம், இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போ என்றார்கள். கிராம மகளிர் மருத்துவமெல்லாம் பார்க்கிற நர்ஸ் ஜெபகுமாரி மாதத்துக்கு இரண்டு முறை நடந்தே மலை ஏறி வருவாள். ரங்கனுடைய படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டே அவள்தான் சந்தியாகப்பன் பெயரைச் சொன்னாள். அடிவாரத்தில் புதிதாகத் தொழில் தொடங்கிய வக்கீல். அவளுடைய சபைக்காரர் இல்லை, கத்தோலிக்கர், ஆனாலும் நல்லவர் என்றாள்.

சந்தியாகப்பனுக்கு முப்பது வயது இருக்கும். பத்திரத்தை இரண்டு முறை படித்தார்.

"கேரண்டி முடிஞ்சிருச்சுன்னு அவன் சொல்றது பாதிதான் நிஜம்மா. அந்த ஒரு வருஷம், அவனே வந்து சரி பண்ணித் தர்றதா ஒத்துக்கிட்ட காலம். அது முடிஞ்சதால அவன் பண்ண திருட்டு நியாயமாயிடாது. பத்திரத்துல ஒண்ணு எழுதி வேற ஒண்ணு கட்டியிருக்கான். அதுக்கு மூணு வருஷத்துக்குள்ள வழக்குப் போடணும்."

"மூணு வருஷமும் போயிருச்சே சாமி."

"சாமின்னு கூப்பிடாதீங்க. மறைச்சு வச்ச மோசடின்னா, அது உங்களுக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்துதான் மூணு வருஷம். கம்பி தளத்துக்குள்ள இருந்துச்சு. தளம் விழுந்த அன்னிக்குத்தானே உங்களுக்குத் தெரியும்? அதுக்கு முந்தி ஏதாவது குறை தெரிஞ்சுதா?"

"குறை இன்னா குறை. வூடு நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் அம்மாக்கண்ணு.

அவள் பொய் சொல்லவில்லை. விரிசல் அவளுக்குக் குறையே அல்ல. அது வெள்ளிக்கிழமை வேலை. கீழ்நாட்டுக்காரரான சந்தியாகப்பனுக்கு, விரிசல் விட்டதா என்று தனியாகக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. அந்த ஒரு கேள்வி விட்டுப்போனது.

கோர்ட்டுக் கட்டணம் கட்ட வழியில்லாதவர்கள் அதைக் கட்டாமலே வழக்குப் போட அனுமதி கேட்கலாம். அந்த மனுவை 1983 ஜூலையில் போட்டார்கள். அவள் ஏழைதானா என்று விசாரிக்கவே பத்து மாதம் ஆனது. ரெவின்யூ ஆள் ஒருவர் மலை ஏறி வந்து, இடிந்த வீட்டுக்குப் பக்கத்தில் போட்டிருந்த புல் கொட்டகையையும் அதற்குள் கிடந்த ரங்கனையும் பார்த்துவிட்டு, சொந்தமாக மெத்தை வீடு உண்டு என்று எழுதிக்கொண்டு போனார். சந்தியாகப்பன் அதை எதிர்த்து வாதாடி அனுமதி வாங்குவதற்குள் ரங்கன் செத்துப்போனான். 1984 மாசி. புண் எலும்புவரைக்கும் போய்விட்டது. ராஜேந்திரன் மாலை அனுப்பினான்.

கோர்ட் அனுப்பிய கமிஷனர் ஓர் ஓவர்சியரோடு வந்து, விழுந்த தளத்தை அளந்து, கம்பியின் இடைவெளியை எழுதி, மணலைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போனார். அந்த அறிக்கையைப் படித்த அன்று சந்தியாகப்பன் அம்மாக்கண்ணுவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "இதுக்கு மேல சாட்சி வேணாம்மா. கோர்ட்டுல கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஆமா, இல்ல, தெரியாது. மூணே வார்த்தை."

1985 தொடக்கத்தில் அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல், முதலில் சொன்ன அந்த மூன்று மாடிக்காரர், கமிஷனர் அறிக்கையைத் தொடவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, வூட்டுக்குள்ள மாடு கட்டுவியா?"

"இல்லீங்க."

"ஆடு?"

"இல்லீங்க."

"மலையில எல்லாரும் ஒண்ணாத்தானே படுப்பீங்க, ஆடும் மாடும் ஆளும்?" கோர்ட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். "வூட்ட கட்டிக் குடுத்தாப் போதுமா, பாத்துக்கத் தெரிய வேணாமா? என் கட்சிக்காரர் நல்லாத்தான் கட்டிக் குடுத்தாரு. நீ கையே வைக்காம அப்படியே போட்டுட்ட. பூசல, மெழுகல. மூணு வருஷம் அழுக்கும் ஈரமும் ஊறித் தளம் வுழுந்துச்சு. ஆமாவா இல்லையா?"

சந்தியாகப்பன் சொல்லிக்கொடுத்த மூன்று வார்த்தைகளில் 'இல்ல' என்ற ஒன்று போதும். ஆனால் ஊரே கூடியிருக்கும் இடத்தில் ஒரு மலைப் பெண்ணைப் பார்த்து வீடு பூசாதவள் என்று சொல்லிவிட்டார். அம்மாக்கண்ணுவின் முகம் சிவந்தது.

"யாரு, நானா? நானா பூசல? வெள்ளிக்கு வெள்ளி பூசுனவ நானு! எங்கூருக்கு வந்து கேளு, அம்மாக்கண்ணு வூட்ல வெடிப்பு பாத்தீங்களாடின்னு. மொத கோடையிலயே மயிரு மாதிரி ஒண்ணு வந்துச்சு. அன்னிக்கே குதுருமேல ஏறிப் பூசிட்டேன். இன்னொண்ணு வந்துச்சு, அதையும் பூசினேன். ஒரு நாளு வுட்டதில்ல!"

"மொத கோடைன்னா?"

"ஆவணியில வூடு முடிஞ்சுது. அடுத்த சித்திரை."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? அதுக்கு மொத வாரந்தான் எங்க செவலை கன்னு போட்டுச்சு."

"கன்னு நல்லா இருக்குதா?" என்று கேட்டார் அவர், மிக அன்பாக.

"இருக்குதுங்க."

"சந்தோஷம். எறங்கும்மா."

அவள் இறங்கி வந்தபோது அவள் முகத்தில் வெற்றி இருந்தது. அவமானத்துக்குச் சரியான பதில் கொடுத்துவிட்ட வெற்றி. சந்தியாகப்பனுடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது.

வெளியே புங்கமரத்தடிக்கு அவர் அவளை அழைத்துப் போனார். பிறகு சொன்னார். "விரிசல எண்பது சித்திரையிலயே பாத்தேன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அன்னிலேருந்து எண்ணினா மூணு வருஷம் எண்பத்துமூணு சித்திரையோட முடிஞ்சுது. நாம மனு போட்டது ஆடியில. மூணு மாசம் பிந்தி."

"வெடிப்பு பாத்தா கம்பி பாத்த மாதிரி ஆயிடுமா?"

"ஆகாதுன்னுதான் நான் வாதாடுவேன்."

"பூசாம வுட்டிருந்தா?"

"பூசாம வுட்டு, அன்னிக்கே ராஜேந்திரனுக்கு ஒரு கடுதாசி போட்டிருந்தீங்கன்னா அவன் கேரண்டியிலயே மாட்டியிருப்பான்."

அம்மாக்கண்ணு அவரை ஆச்சரியத்தோடு பார்த்தாள். "வெடிப்பு வந்ததுக்கு எவனாவது கடுதாசி போடுவானா ஐயா?"

தீர்ப்பு ஆறு மாதம் கழித்து வந்தது. கம்பி குறைவு, மணல் மோசம், எல்லாம் உண்மை என்று நீதிபதி ஒத்துக்கொண்டார். ஆனால் கவனமுள்ள எவரும் விரிசலைக் கண்டவுடனே தகுந்த ஆளைக் கொண்டு சோதித்திருப்பார்கள். வாதி அப்படிச் செய்யாமல் மண் பூசி மூடிவிட்டார். எனவே வழக்குக் காலங்கடந்தது, தள்ளுபடி என்று எழுதினார். கவனமுள்ள எவரும்! அந்த மலையில் அவளைவிடக் கவனமாக ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டவர் யார்? தகுந்த ஆள் அங்கே எவன் இருந்தான்? தகுந்த ஆள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தவன் ஒருவன்தான். அவன் அந்தப் பூச்சை விரலால் தொட்டுப் பார்த்து, மோர் குடித்துவிட்டுப் போனான். அதற்குச் சாட்சி அவளும் செத்துப்போன ரங்கனும்தான். சட்டம் எழுதியவர்கள் கடிதம் எழுதத் தெரிந்தவர்களை மட்டுமே மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். மற்றவர்கள் தங்கள் நேர்மையினாலேயே தோற்க வேண்டியதுதான்.

சந்தியாகப்பன் பணம் வாங்காமல் அப்பீல் போட்டார். விரிசலைக் காண்பது வேறு, மோசடியை அறிவது வேறு என்பது அவர் வாதம். சரியான வாதம். அது இன்றைக்கும், 1988லும், விசாரணைக்கு வராமல் வாய்தாவிலேயே கிடக்கிறது. புதிதாக நுகர்வோர் சட்டம் ஒன்று வந்திருக்கிறது. வீடு கட்டிக் கொடுக்கிறவன் அதற்குள் வருவானா என்று கேட்டால் வக்கீல்கள் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். வந்தாலும் அம்மாக்கண்ணுவுக்கு அது பயன்படாது.

இதற்கிடையில், 1986 ஆவணியில், பக்கத்து ஊரில் அரசாங்கம் பன்னிரண்டு தொகுப்பு வீடுகள் கட்டி முடித்தது. காண்ட்ராக்ட் ராஜேந்திரனுடைய மைத்துனன் பெயரில். ஜீப் அதே ஜீப். அரசாங்க வேலைக்கும் கேரண்டி ஒன்று உண்டு: ஒரு வருஷத்துக்குள் குறை தெரிந்தால் காண்ட்ராக்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், அதுவரை அவன் டெபாசிட் அரசாங்கத்திடம் இருக்கும். இதை அம்மாக்கண்ணு சந்தியாகப்பனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அடுத்த சித்திரையில் அவள் நான்கு மைல் நடந்து அந்த ஊருக்குப் போனாள். நான்கு பிள்ளைகளின் தாயான சம்பூர்ணம் என்பவள் குந்தாணிமேல் ஏறி நின்று, தளத்தில் ஓடிய கோட்டுக்கு மண் அப்பத் தொடங்கியிருந்தாள்.

"அத பூசாத," என்றாள் அம்மாக்கண்ணு.

"ஏன்க்கா?"

"பூசுனா என் வூடு மாதிரி ஆயிடும். நர்ஸம்மா வர்ற வரைக்கும் வுடு."

"நல்லா சொன்ன போ. ஆடியில திருவிழா. ஊருல இன்னா கேப்பாங்க? வூட்டுக்காரி செத்துட்டாளான்னு கேப்பாங்க."

"உசுரோட கீறேன்னு சொல்லு. உசுரோட இருக்கத்தான் பூசலன்னு சொல்லு."

சம்பூர்ணம் கையில் இருந்த மண்ணைப் பார்த்தாள், தளத்தைப் பார்த்தாள். மண்ணைக் கீழே போட்டாள்.

ஜெபகுமாரி வந்து, விரிசலுக்குப் பக்கத்தில் கரிக்கட்டியால் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தன் நோட்டிலும் எழுதிக்கொண்டாள். எந்தெந்த வீடு, எத்தனை கோடு என்று சந்தியாகப்பன் கலெக்டருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பினார். பன்னிரண்டு வீட்டுக்கும் அம்மாக்கண்ணு ஏறி இறங்கினாள். பூசாமல் விட்டவர்கள் மூன்று பேர். மற்றவர்களிடம் அந்த ஊர்க் கவுண்டர் முந்திக்கொண்டார். பூசாத வீட்டில் பீடை தங்கும் என்றார். தளம் விழுந்த ராசிக்காரி பேச்சைக் கேட்காதீர்கள் என்றார். புருஷனைத் தின்றவள் என்றும் ஒருத்தி சொன்னாள், அவள் காதில் விழும்படி.

தபால் போன மூன்றாம் வாரம் ராஜேந்திரன் இரண்டு கொத்தனார்களோடும் ஒரு மூட்டை சிமென்ட்டோடும் வந்து இறங்கினான். கரியால் எழுதிய தேதியை நின்று படித்தான்.

"சம்பூர்ணம், இன்னாம்மா வூட்ட இப்பிடி வச்சிக்கிற, வெக்கமா இல்ல? டேய், சிமென்ட்டுப் பால் கரைச்சிப் பூசிவுடுங்கடா."

சம்பூர்ணம் வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் அம்மாக்கண்ணு.

"பூசக் கூடாது," என்றாள் அம்மாக்கண்ணு.

"அக்கா, நல்லதுதானேக்கா பண்ண வர்றேன்."

"எனக்குப் பண்ணதே போதும் தம்பி. நீ பூச வந்தாலே தெரியுது, உள்ள கம்பி இல்லன்னு. மோரு கூட இல்ல இங்க. போய்ட்டு ஓவர்சியரோட வா."

ஓவர்சியர் வந்தார். கலெக்டர் ஆபீசிலிருந்து தாள் வந்திருந்ததால் வராமல் இருக்க முடியவில்லை. மூன்று வீட்டுத் தளத்தையும் கொத்திப் பார்த்தார்கள். மூன்றையும் உடைத்து மறுபடி போட்டான் ராஜேந்திரன். மற்ற ஒன்பது வீடுகளையும் கொத்திப் பாருங்கள் என்று அம்மாக்கண்ணு கேட்டாள். அந்த வீட்டுக்காரர்களே குறை இல்லை என்று கைநாட்டு வைத்துக் கொடுத்திருப்பதை ஓவர்சியர் எடுத்துக் காட்டினார். விரிசல் எங்கே இருக்கிறது, காட்டு என்றார். காட்ட முடியவில்லை. எல்லாம் செம்மண்ணுக்குள் போய்விட்டது.

அந்த ஒன்பது வீடுகளின் ஒரு வருஷம் போன வருஷத்து ஆவணியோடு முடிந்தது. டெபாசிட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த ஐப்பசியும் மழை பலமாகத்தான் இருக்கிறது.

அம்மாக்கண்ணு தன் இடிந்த வீட்டுக்குப் பக்கத்துப் புல் கொட்டகையில் இருக்கிறாள். வாய்தாவுக்குக் கீழே போய்த் திரும்பும்போதெல்லாம் அந்தத் தொகுப்பு வீடுகள் வழியாகத்தான் வருகிறாள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து பார்க்கிறாள். பூச்சு வழவழப்பாக, ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது. தண்ணீரை உள்ளே நின்று குடிப்பதில்லை. சொம்பை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறாள். பிள்ளைகளையும் வெளியே கூப்பிடுகிறாள். சில பிள்ளைகள் வருகின்றன.